களஞ்சியம் நிறைந்த ஊரில் கஞ்சிக்குக் காத்திருந்தவர்கள்

தியான வாசிப்பு: லூக்கா 12:16–21



"ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா?" என்பது காவிரிக் கரையில் வழங்கும் பழமொழி. மாயூரம், மாயவரம் என்றெல்லாம் வழங்கிய அவ்வூருக்கு 1982-இல் மயிலாடுதுறை என்னும் பழம்பெயரே மீண்டும் சூட்டப்பட்டது. 2020-இல் அது ஒரு மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. இவ்வாரம் நாம் நினைக்கப்போவது, சுற்றுக் கிராமங்களுக்குச் சந்தை ஊராய் அது விளங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டை.

நாற்புறமும் நெல்வயல்கள். அறுவடை முடிந்தால் மரக்காலால் அளந்து, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலமென்று கணக்கிட்டு, நெல் களத்திலிருந்து களஞ்சியம் சேரும். ஊரின் ஒரு பகுதியான கூறைநாட்டில் நெசவாளர் பட்டும் பருத்தியும் கலந்து நெய்த புடவை, மணப்பெண்ணின் கூறைப்புடவையாகப் புகழ் பெற்றது. ஐப்பசி மாதம் முழுவதும் துலா நீராடலுக்கு மக்கள் திரளுவர். அம்மாதம் கழிந்த மறுநாள், கார்த்திகை முதல் நாளுக்கு 'முடவன் முழுக்கு' என்று பெயர். நடக்க இயலாத ஒருவன் காலந்தாழ்ந்து வந்து சேர்ந்தான் என்றும், அவனுக்காக ஒரு நாள் கூட்டிக் கொடுக்கப்பட்டது என்றும் ஊரார் வழிவழியாகச் சொல்லுவர். பிந்தி வந்த பலவீனனுக்கும் இடமுண்டு என்னும் நினைவை அவ்வூர் தன் நாட்காட்டியிலேயே வைத்திருந்தது.

அந்நினைவுக்குச் சோதனை 1876-இல் வந்தது. மழை பொய்த்தது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியை 1878 வரை வாட்டிய அப்பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடுகின்றனர். காவிரி நீர் பாயும் தஞ்சை நாடு மற்ற மாவட்டங்களைப்போல் அழியவில்லை. ஆயினும் நெல் விலை ஏறியது. விலை ஏறும்போது களஞ்சியம் உடையவனுக்கு அது இலாபம். நெல்லை விலைக்கு வாங்கி உண்பவனுக்கோ பட்டினி. பஞ்சகாலத்தில் கூறைப்புடவை வாங்குவோர் யார்? தறி நின்றால் நெசவாளன் வீட்டில் உலையும் நிற்கும். நெல் விளையும் ஊரிலும் பசி வருவது இவ்வாறே.

அந்நாளில் மாயூரத்தில் வாழ்ந்தவர் வேதநாயகம் பிள்ளை. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மாயூரத்தில் பதின்மூன்று ஆண்டுகள் முன்சீபாகப் பணியாற்றியவர். 1879-இல் தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டவர் என்றே நம்மில் பலர் அவரை அறிவோம். பஞ்சம் வந்தபோது அவர் பணி ஓய்வு பெற்றிருந்தார். அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி வைத்தார். வந்தவர் எச்சாதி, எச்சமயம் என்று கேளாமல் உணவளித்தார்.

இதைக் கண்டு அவரைப் பாடியவர் யார் தெரியுமா? நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார். இல்லறம் துறந்து எளிமையாய் வாழ்ந்த அப்புலவருக்கு ஒரு கிறிஸ்தவரைப் புகழ்ந்து பெற வேண்டிய ஆதாயம் ஒன்றுமில்லை. பசித்தவன் உண்டதைக் கண்டார், பாடினார். நம் விசுவாசத்திற்குப் பிற சமயத்தார் தரும் சாட்சி, நாம் நமக்கே கொடுத்துக்கொள்ளும் சாட்சியைவிட எவ்வளவோ மெய்யானது!

அன்பானவர்களே, லூக்கா சுவிசேஷத்தின் ஐசுவரியவான் திருடனல்லன். அநியாயமாக ஒன்றையும் பறித்ததாக ஆண்டவர் கூறவுமில்லை. அவன் நிலம் நன்றாய் விளைந்தது, அவ்வளவே. விளைந்ததை எங்கே வைப்பது என்று எண்ணினான். யாருக்குக் கொடுப்பது என்று எண்ணவில்லை. அந்த ஓர் எண்ணத்தின் குறைவே அவனை மதிகேடனாக்கிற்று.

மாயூரத்தின் பெருமைக்கு அதன் சந்தையும் வயலும் மட்டும் காரணமாயிருந்தால், அது செழிப்பான ஊர்களில் மற்றுமொன்று. பஞ்சத்தில் அங்கே ஒரு கதவு திறந்திருந்தது. ஆகையால் அதை இன்றும் நினைக்கிறோம். நம் வீட்டில் அரிசிப்பானை நிறைந்திருக்கும் இவ்வாரத்தில், நம் தெருவில் உலை ஏறாத வீடு எது என்று அறிந்திருக்கிறோமா? அறியாவிட்டால், இன்றே விசாரித்து அறிவோம். கொடுக்கிற கைகளைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.