காரைதீவு விஞ்ஞான ஆசிரியரும் நமது சித்திரப் பாடவேளையும்



பரீட்சை நெருங்கினால் நமது பாடசாலைகளில் முதலில் பறிபோவது சித்திரப் பாடவேளை. அது கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ போய்விடும். பெற்றோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் கலை வேறு, படிப்பு வேறு என்ற இந்தப் பிரிப்பு நமது கரையோரத்தின் பழைய வழக்கமல்ல.

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையில் நாம் அன்றாடம் கடந்து போகும் ஊர் காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் படித்தவர். பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர். துறவி என்றும் தமிழ்ப் பேராசிரியர் என்றும்தான் அவரை நமக்குத் தெரியும். அதற்கு முன் அவர் விஞ்ஞான ஆசிரியர். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனம் படிப்பித்தார், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார், 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை மற்றவர்கள் சொல்லுக்குப் பொருள் தேடி வாசித்தார்கள். இவர் அதில் கணக்கைத் தேடினார். ஒரு நரம்பைச் சரிபாதியாக்கி மீட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம். இப்படிப் பின்னங்களை அடுக்கி 22 அலகுகளையும் கணித்து, வழக்கொழிந்து போன யாழை ‘யாழ் நூல்’ வழியாக மீட்டுத் தந்தார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. ஜூலை 19இல் அவர் காலமானார். அந்த நூலில் பௌதிகம் எங்கே முடிகிறது, இசை எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு கிழிக்க முடியாது.

‘அது அவர்களுடைய வரலாறு, நமக்கென்ன?’ என்று சிலர் கேட்கலாம். பத்தாம் நூற்றாண்டில் பஸ்றாவின் இஹ்வானுஸ் ஸபா அறிஞர்கள் இசை பற்றிய ஏட்டை எண்கணிதம், கேத்திரகணிதம் ஆகியவற்றோடு கணிதப் பகுதியிலேயே வைத்தார்கள். தத்துவஞானி அல்-பாராபி இசைக்கென்றே பெரிய நூல் எழுதினார். (இசை ஆகுமா ஆகாதா என்பதற்குள் நாம் வரவில்லை. அது உலமாக்களின் விடயம்.)

அவ்வளவு தூரம் போவானேன், மருதமுனைத் தறி இருக்கிறதே. எந்த நிறத்தில் எத்தனை பாவு நூல், எத்தனை இழைக்கொரு முறை கோலம் திரும்ப வரும் என்பது நெசவாளருக்கு மனக்கணக்கு. நமது பிள்ளை ரியூசனில் பொ.ம.சி., விகிதம், சமச்சீர் என்று மனனம் செய்வதும் இதைத்தான். பிள்ளையின் உம்மம்மா வீட்டில் தறி இருந்திருக்கும், கொப்பியில் மட்டும் அது இல்லை.

1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பாடத்தில் பாட்டையும் வரைதலையும் மற்ற அறிவோடு சேர்த்தே வைத்தது. கீழ் வகுப்புகளில் அது ஓரளவு ஓடுகிறது. தரம் ஐந்தில் புலமைப்பரிசில் வந்து விழுங்கிவிடுகிறது.

களிக்கம்பு அடிகளை எண்ணிச் சொல்லித்தரக்கூடிய மூத்தவர்கள், பழைய தறிக்காரர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இன்பொக்ஸில் அறியத் தாருங்கள். தரம் ஏழு கணித வகுப்புக்கு ஒரு பாடவேளை வந்தால் போதும். கம்பு நாங்கள் வெட்டி வைக்கிறோம்.