திப்புவின் வாளும் திரையில் எழுந்த தீயும்

"ஐயா, திப்பு சுல்தான் நல்லவனா, கெட்டவனா?"

ஒன்பதாம் வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து கேட்டான். பாடநூலைப் படித்துவிட்டுப் பிறந்த ஐயமன்று அது. பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் துண்டுகளைக் கைப்பேசியில் கண்டுவிட்டு வந்திருக்கிறான். பக்கத்தில் இருந்தவனோ, வேறொரு துண்டுப்படம் பார்த்தவன். "கெட்டவன்தான் ஐயா" என்று தீர்ப்பே கூறிவிட்டான். இருவரும் வரலாற்று ஏட்டின் ஒரு பக்கத்தையும் புரட்டியவர்களல்லர். எனினும் இருவருக்கும் ஐயமில்லை! அந்த உறுதியைக் கண்டே நான் அஞ்சினேன். அத்தொடர் பிறந்த கதையையும் முடிந்த கதையையும் தேடிப் படித்ததும் அதனாலேதான்.

1976இல் பகவான் கித்வானி ஓர் ஆங்கிலப் புதினத்தை வெளியிட்டார். 'திப்பு சுல்தானின் வாள்' என்பது அதன் பெயர். விமானப் போக்குவரத்துத் துறையில் உயர்ந்த பதவி வகித்தவர் அவர். ஆவணங்களைத் தேடிப் படித்தவர்தாம். ஆனால் அவர் எழுதியது புதினம், வரலாற்று நூலன்று. அப்புதினத்தைத் தொடராக்க முனைந்தார் இந்தி நடிகர் சஞ்சய் கான். திப்புவாக நடித்தவரும் அவரே.

1989 பிப்ரவரி 8. மைசூர் பிரீமியர் படப்பிடிப்பு நிலையம். மணவிழாக் காட்சிக்காக அரங்கம் அலங்கரிக்கப்பட்டிருந்தது. எதிரொலியைத் தடுக்கச் சுவரெங்கும் சாக்குத் துணி, மேலே கொதிக்கும் பெருவிளக்குகள், காற்றோட்டமோ போதாது. தீயணைக்க இருந்தவை மணலும் சில வாளித் தண்ணீரும். தீ எழுந்தது, சாக்கைப் பற்றிக்கொண்டு பரவியது. 62 உயிர்கள் மாண்டன. உடலெங்கும் வெந்த சஞ்சய் கான் பல திங்கள் மருத்துவமனையில் கிடந்து, அறுவைகள் பல கண்டு மீண்டார். அவர் இல்லாத காலத்தில் தம்பி அக்பர் கான் இயக்கத்தை ஏற்றார்.

மன்னன் மாண்ட கதையைப் படமெடுக்க வந்த இடத்தில் மாண்டவர்கள் யார்? விளக்குத் தூக்கியவர்கள், அரங்கம் அமைத்தவர்கள், கூட்டத்தில் ஒருவராய் நிற்க வந்தவர்கள் — நாட்கூலிக்கு உழைத்த எளியவர்களே மிகுதி. திப்புவின் பெயர் நாடறியும். இந்த அறுபத்திருவரின் பெயர்களை யார் அறிவார்? கோட்டை கட்டியவனை மறந்து கோட்டையில் குடியிருந்தவனைப் பாடும் பழைய வழக்கம் திரையுலகிலும் தொடர்கிறது, தோழர்களே!

1990இல் தொடர் தூர்தர்ஷனில் வந்தது. வீட்டிலே இருந்தது ஒரே அலைவரிசை. அது பேசியதோ இந்தி. மொழி புரியாமலே குதிரையையும் வாளையும் கண்டு களித்ததாக எங்கள் ஆய்க்குடிப் பெரியவர்கள் இன்றும் கூறுவர். அதற்குள் எதிர்ப்பும் எழுந்தது. திப்புவின் படைகளால் துன்புற்ற மலபாரின் நினைவை இத்தொடர் மறைக்கிறது என்றனர் எதிர்த்தோர். வழக்கு நீதிமன்றம் ஏறியது. முடிவு என்ன? இது புதினத்தின் நாடக வடிவமே, வரலாற்று உண்மைக்கு உறுதி கூறவில்லை என்னும் அறிவிப்போடு தொடர் ஓடியது. அறுபது பகுதிகள் ஓடி, 1991இல் திப்புவின் வீழ்ச்சியோடு முடிந்தது.

அறிவிப்பு சில நொடியில் மறைந்தது. காட்சி நெஞ்சில் தங்கிவிட்டது. இன்று மாணவன் காணும் துண்டுப்படத்தில் அந்த அறிவிப்பும் இல்லை!

வரலாறு கூறுவது என்ன? 1791இல் மராட்டியப் படை சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டபோது, மடத்தைச் சீர்செய்யப் பொருள் கொடுத்துக் கன்னடத்திலே கடிதங்கள் விடுத்தவன் திப்பு. குடகு மக்களையும் மங்களூர்க் கிறித்தவர்களையும் சிறைப்பிடித்துக் கொண்டுசென்று துன்புறுத்தியவனும் அதே திப்பு. முன்னதை மட்டும் கூறுவோன் அவனை மகானாக்குகிறான். பின்னதை மட்டும் கூறுவோன் அரக்கனாக்குகிறான். இரண்டையும் ஒருசேரக் கூறும்போதுதான் அவன் மன்னனாகிறான் — ஆட்சிக்காக அணைக்கவும் அழிக்கவும் தயங்காத மன்னன்.

நம் மண்ணையே பாருங்கள். ஆய் அண்டிரனோடு சேர்த்துப் பேசப்படும் ஊர் எங்கள் ஆய்க்குடி. அடுத்துள்ள செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அத்திருவிதாங்கூரின் எல்லைமீது 1789இல் படையெடுத்தான் திப்பு. அங்கே அவன் பகைவன். கிழக்கே சிவகங்கையிலோ, வேலு நாச்சியார் வெள்ளையரை எதிர்க்கத் துணை பெற்றது அவன் தந்தை ஐதர் அலியிடம். அங்கே மைசூர் நட்பு நாடு. ஊருக்கு ஊர் நண்பனும் பகைவனும் மாறும்போது, நல்லவன், கெட்டவன் என்ற இரண்டே பெட்டிகளில் வரலாற்றை அடைப்பது எங்ஙனம்?

தொடர் முடிந்த இடத்தில் வரலாறு முடியவில்லை. 1799 மே 4இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தான். மைசூரின் அச்சம் தீர்ந்த கும்பினி தெற்கே திரும்பியது. அதே ஆண்டு அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டது. 1806 ஜூலை 10இல் அக்கோட்டையிலேயே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூர்ப் புலிக்கொடியை ஏற்றினர். புதிய தலைப்பாகையைத் திணித்ததும், தாடியையும் சமயக் குறிகளையும் தடுத்ததும் உடனடிக் காரணங்கள். அன்று சிந்தியது தமிழ் மண்ணில் பணிபுரிந்த எளிய சிப்பாயின் குருதி. அந்த வரலாறு எத்தனை பேருக்குத் தெரியும்?

வாளின் கதையும் கேளுங்கள். திப்புவின் வாள் ஒன்று 2023 மே மாதம் இலண்டனில் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. வாளுக்கு விலையுண்டு. மைசூர்த் தீயில் கருகிய அறுபத்திருவரின் நினைவுக்கு?

நாடகம் வேண்டாம் என நான் கூறவில்லை. நாடகத்தால் விழித்தெழுந்த நாடு இது! நாடகத்தை நாடகமாகக் காணுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மறுநாள் வகுப்பிலே கரும்பலகையில் மூன்று வினாக்களை எழுதினேன்: இதைச் சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? சொல்லாமல் விட்டது என்ன? நல்லவனா கெட்டவனா என்று கேட்ட மாணவன் அவற்றைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டான். பிறகு கையைத் தூக்கி, "ஐயா, நம் பாடநூலையும் இப்படிக் கேட்கலாமா?" என்றான்.

"முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்" என்றேன்.