மணலின் வெப்பமும் ஆமையின் பாலும்

உயிரொன்று ஆணாவதும் பெண்ணாவதும் கருக்கொள்ளும் கணத்திலேயே நிறமூர்த்தங்களால் முடிவாகிவிடுகின்றது என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உயிரியலாளர் பெரிதும் ஐயுறாத கொள்கையாகும். மனிதரையும் பறவைகளையும் பொறுத்தவரை அது சரியே. ஆமைகளுட் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தாது என்ற உண்மை மெல்லவே வெளிப்பட்டது. கடலாமைகளைக் காக்க முனைந்தோரை அவ்வுண்மை காலந்தாழ்த்தியே சென்றடைந்தது.

1966இல் தக்காரில் ஆய்வு நடத்திய மடலேன் சார்னியே, அகாமா என்னும் ஓணானின் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தபோது, குஞ்சுகளின் பால் அதற்கேற்ப மாறக் கண்டார். சில பக்கங்களே கொண்ட அவரது கட்டுரையை அன்று கவனித்தோர் மிகச் சிலர். 1970களின் தொடக்கத்திலே குளோட் பியோ இதே தோற்றப்பாட்டை ஆமைகளிற் காட்டினார். 1979இல் ஜேம்ஸ் புல், ரிச்சட் வொக்ற் ஆகியோர், ஆய்வுகூடத்திலன்றி இயற்கைக் கூடுகளிலும் இது நிகழ்வதை ஐக்கிய அமெரிக்காவின் ஆற்றாமைகளைக் கொண்டு நிறுவினர். ஏறத்தாழ 25 பாகை செல்சியசில் ஆணும் 31 பாகையில் பெண்ணும் பிறந்தன. அடைகாலத்தின் நடு மூன்றிலொரு பகுதியில் முளையம் பெறும் வெப்பமே இதனைத் தீர்மானிக்கின்றது. அடுத்த ஆண்டிலே இன்டெமாவும் ம்ரொசொவ்ஸ்கியும் கடலாமைகளும் இவ்விதிக்கு உட்பட்டவை எனக் காட்டி, முட்டைகளை இடம்மாற்றிப் பொரிக்கவைப்போரை எச்சரித்தனர். கொஸ்கொடை முதலான நமது தென்மேற்குக் கரை நிலையங்களுக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும்.

எச்சரிக்கை எழுந்தபோது மெக்சிக்கோ வளைகுடாவிலே ஒரு பெருமுயற்சி ஏற்கெனவே தொடங்கியிருந்தது. ரஞ்சோ நுவேவோக் கடற்கரையில் 1947இல் எடுக்கப்பட்ட ஒரு படச்சுருள், ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 கெம்ப் ரிட்லி ஆமைகள் முட்டையிடக் கரையேறியதைக் காட்டுவதாக மதிப்பிடப்பட்டது. முட்டைக் கொள்ளையாலும் இறால் வலைகளாலும் அவ்வினம் தேய்ந்தது. 1985இல் எண்ணப்பட்ட கூடுகள் 702 மட்டுமே. இவ்வினத்துக்கு இன்னொரு கரையை உண்டாக்கும் நோக்குடன், 1978 முதல் 1988 வரை ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,000 முட்டைகள் ரெக்சாசின் பாத்ரே தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பிறந்த மண்ணின் நினைவு குஞ்சிலே பதியும் என்ற எண்ணத்தால், மெக்சிக்கோவின் மணல் படாதவாறு முட்டைகளைப் பையில் ஏந்தி, பாத்ரே மணலிட்ட ரெஜிபோம் பெட்டிகளில் அடைத்தனர். மணலின் மணத்தை இத்துணை கவனித்தவர்கள் அதன் சூட்டைக் கவனியாதது விந்தையே. ஆயினும் 1978இல் அதனை உணர்ந்திருந்தோர் எத்தனைபேர்? வெயில் படாத பெட்டிகள் குளிர்ந்திருந்தன. தொடக்க ஆண்டுகளிற் பொரித்தவற்றுட் பெரும்பான்மை ஆண்கள். குஞ்சின் பாலை வெளித்தோற்றத்தால் அறிய இயலாது. இறந்த குஞ்சுகளின் உள்ளுறுப்புகளை ஆராய்ந்தே பிழை தெரியவந்தது. முட்டையிடப் பெண்ணின்றி எந்தக் கரையும் நிலைபெறாது. 1985 முதல் வெப்பநிலையை உயர்த்தினர்; பெண்கள் மிகுந்தன. அத்திட்டத்தில் வளர்ந்த இரு பெண் ஆமைகள் 1996இல் பாத்ரே தீவிலே கூடமைத்தன.

பிழை எதிர்த்திசையிலும் நேரலாம். அதற்கு மனிதர் பெட்டியைத் தொடவும் வேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறையின் வடபகுதிக் கரைகளிலிருந்து வரும் பச்சை ஆமைகளை ஆராய்ந்தோர், இளம் ஆமைகளுள் நூற்றுக்கு 99 பெண்கள் என 2018இல் வெளியிட்டனர். குளிர்ந்த தென்பகுதிக் கரைகளில் அது நூற்றுக்கு 65 முதல் 69 வரையே. வடபகுதியின் முதிர்ந்த ஆமைகளிடையே பெண்கள் நூற்றுக்கு 87 அளவினர். அவை பிறந்த காலத்தில் அங்கு மணல் இன்றுபோற் சுட்டிருக்கவில்லை.