குரலை மட்டும் வைத்துக்கொண்டு

சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் பிறந்தது ஹவுஸ் என்ற நடன இசை. நியூயார்க்கில் அதை வேறொரு உயரத்துக்குக் கொண்டுபோனவர்கள், போர்ட்டோ ரிக்கோ வேர்கள் கொண்ட இருவர்.

பிராங்க்ஸைச் சேர்ந்த லூயி வேகாவுக்கு இசை குடும்பச் சொத்து. அப்பா சாக்ஸபோன் கலைஞர். தாய்மாமன், சல்சா உலகம் கொண்டாடிய பாடகர் ஹெக்டர் லவோ. புரூக்ளின் இளைஞர் கென்னி கொன்சாலஸ் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். ஹிப்ஹாப் தாளத்தில் ஊறியவர். இருவரையும் சேர்த்துவைத்தவர் தயாரிப்பாளர் டாட் டெர்ரி. தெருக் கொண்டாட்டங்களில் கென்னி பயன்படுத்திய 'மாஸ்டர்ஸ் அட் வொர்க்' என்ற பெயரே கூட்டணிக்கும் நிலைத்தது.

ரீமிக்ஸ் என்றால் பாட்டை நீட்டி, தாளத்தைத் தூக்கிவிடுவது என்றிருந்த காலம் அது. இவர்கள் பாடகரின் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவார்கள். கென்னி டிரம்ஸைக் கட்டுவார். லூயி அதன்மேல் ஸ்வரக்கட்டை ஏற்றுவார். அப்புறம் 'டப்' என்று இன்னொரு வடிவம். அதில் குரலும் துண்டுதுண்டாகிவிடும். பல டி.ஜே.க்கள் முதலில் தேடியது அந்த டப்பைத்தான்.

1991-இல் வந்த 'தி ஹா டான்ஸ்' தனிக் கதை. 'டிரேடிங் பிளேசஸ்' படத்திலிருந்து எடுத்த ஒரு குரல், நான்காவது அடியில் விழும் ஒரு பேரோசை. நியூயார்க்கின் கறுப்பின, லத்தீன் பால்புதுமையர் நடத்திய 'பால்ரூம்' போட்டிகளில், வோக் என்ற நடனம் ஆடுபவர்கள் அந்த ஓசை விழும் கணத்தில் முதுகு தரையில் பட விழுவார்கள். அந்த நடனத்துக்கு இன்றும் இதுதான் அடித்தாளம். கிளப்புக்காகச் செய்த ஓர் இசைத்தட்டு ஒரு சமூகத்தின் சொத்தானதை இவர்களின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

1995-இல் கென்னி தனியாக, 'பக்கெட்ஹெட்ஸ்' என்ற பெயரில் 'தி பாம்' பாட்டால் பிரிட்டனைக் கலக்கினார்.

1997-இல் இருவரும் சேர்ந்து உருவாக்கியது 'நியூயோரிக்கன் சோல்' ஆல்பம். பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை எடுத்தே வளர்ந்த இசை ஹவுஸ். இந்த ஆல்பத்திலோ அந்தத் தட்டுகளில் வாசித்த மூத்தவர்களையே ஸ்டூடியோவுக்கு அழைத்தார்கள். டிம்பாலேயில் டிட்டோ புவெந்தே, வைப்ரஃபோனில் ராய் அயர்ஸ், கிட்டாரில் ஜார்ஜ் பென்சன். 1977-இல் சால்சோல் ஆர்கெஸ்ட்ரா வெளியிட்ட 'ரன்அவே' பாட்டை இந்தியா என்ற பாடகி மறுபடி பாட, அந்த ஆர்கெஸ்ட்ராவை நடத்திய வின்சென்ட் மொன்டானாவே வந்து வாசித்தார்.