உஷ்ணத்தை உணர்ந்த கார்கள்

1940-ஆம் வருஷத்து மாடலாக அமெரிக்காவின் பாக்கார்டு கம்பெனி வெளியிட்ட காரில் குளிர்சாதனம் முதன்முதலாக இடம்பெற்றபோது, உஷ்ணத்தை அறிந்து தானே நிற்கும் சாமர்த்தியம் அதற்கு இல்லாமையால், குளிர் மிகுந்துவிட்டால் எஞ்சினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, கம்ப்ரஸரின் பெல்ட்டைக் கழற்றுவதே உபாயமாயிருந்தது.

1964-இல் காடிலாக் காரில் தானியங்கி உஷ்ணக் கட்டுப்பாடு வந்து, குளிரக் குளிர மின்தடை அதிகரிக்கும் சுபாவமுள்ள தெர்மிஸ்டர்கள் அப்பொறுப்பை ஏற்றபின், நோயின் லக்ஷணமே மாறிவிட்டது. கம்பி அறுந்து தடை அளவிறந்து உயர்ந்தால், யந்திரம் அதைக் கடுங்குளிரென்று மயங்கி, கோடை மத்தியானத்திலும் சுடுகாற்றை வீசும். ஆகவே மெக்கானிக் ஓம்மீட்டரால் தடையை அளந்து மூலகாரணத்தை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று.

1981-ஆம் வருஷத்துக் காடிலாக்கிலோ, குளிர்சாதனப் பலகையில் ‘ஆஃப்’, ‘வார்மர்’ என்ற இரு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால், உஷ்ணநிலையைக் காட்டும் கண்ணாடியிலேயே எஞ்சின் உணரிகளின் கோளாறு எண்கள் தோன்றின. எனினும், எண் சுட்டியது சுற்றையே தவிர, அதில் பழுதான இடத்தையன்று.