மைல்கல்லும் பனையோலையும்: வங்கத்து வீடுகளில் எழுத்தறிவு நுழைந்த வரலாறு

எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கும் குழந்தை வாசிக்கக் கற்றுவிட்டதாகப் பெற்றோர் நம்புவது இந்தியா முழுவதும் காணப்படும் வழக்கம். அந்த ஒப்பித்தலுக்கும் வாசிப்புக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. அதைத் தெளிவாகக் காட்டும் சான்றுகள் சில பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்கத்தில் கிடைக்கின்றன. அவற்றுள் இரண்டு பள்ளிக்கு வெளியே நிகழ்ந்தவை.

முதலாவது, ஈசுவர சந்திர வித்யாசாகரின் இளமைக் காலத்தது. 1820-இல் வீரசிங்க கிராமத்தில் பிறந்த அவர், எட்டு வயதில் தந்தை தாக்கூர்தாசுடன் கல்கத்தாவுக்கு நடந்தே சென்றார். வழியில் அம்மிக்கல்லைப் போன்ற கற்கள் நடப்பட்டிருந்ததைக் கண்டு அவை யாவை என வினவினார். அவை மைல்கற்கள் என்று விளக்கிய தந்தை, அவற்றில் பொறித்திருந்த ஆங்கில எண்களையும் காட்டினார். பத்தொன்பதாம் கல்லில் தொடங்கிப் பத்தாம் கல்லை அடைவதற்குள் சிறுவன் அவ்வெண்கள் அனைத்தையும் அறிந்துகொண்டான்.

அதன்பின் தந்தை செய்ததே கவனத்துக்குரியது. ஒன்பது, எட்டு, ஏழு என மகன் சரியாகச் சொல்லிவந்தபோது அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. பத்துக்குப் பின் ஒன்பது வரும் என்னும் வரிசையறிவால் சொல்கிறானா, எண்ணின் வடிவத்தை உண்மையாகவே அறிந்து சொல்கிறானா? அதைச் சோதிக்க ஆறாம் கல்லை மகன் பார்க்காதபடி கடந்து, ஐந்தாம் கல்லைக் காட்டிக் கேட்டார். இது ஆறாக இருந்திருக்க வேண்டும், தவறுதலாக ஐந்து என்று பொறித்திருக்கிறார்கள் என்பதே சிறுவனின் விடை. பிற்காலத்தில் வித்யாசாகரே தம் வாழ்க்கைக் குறிப்பில் இதைப் பதிவுசெய்துள்ளார். வரிசையைக் குலைத்துப் பார்த்தாலன்றி அறிவின் அளவு தெரியாது என்பதை அந்த எளிய தந்தை உணர்ந்திருந்தார்.

இரண்டாவது சான்று ராஸ்சுந்தரி தேவியுடையது. பெண் எழுத்தறிந்தால் கைம்பெண் ஆவாள் என்னும் அச்சம் நிலவிய காலம் அது. சிறுமியாக இருந்தபோது பிறந்தகத்தில் நடந்த பள்ளியில் ஆண்பிள்ளைகள் உரக்கப் படிப்பதை அருகிலிருந்து கேட்பதே அவருக்குக் கிடைத்த கல்வி. பன்னிரண்டு வயதில் அவர் மணமுடித்துச் சென்றார். ஏறத்தாழ இருபத்தைந்து வயதில், வீட்டிலிருந்த சைதன்ய பாகவதச் சுவடியிலிருந்து ஓர் ஏட்டைக் கழற்றி அடுக்களையில் மறைத்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். வேலைகளுக்கிடையே அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, சிறுவயதில் கேட்ட ஒலிகளை நினைவிலிருந்து மீட்டு, எழுத்தெழுத்தாக வாசிக்கக் கற்றார். 1876-இல் வெளிவந்த அவருடைய ‘ஆமார் ஜீபன்’ வங்க மொழியின் முதல் தன்வரலாற்று நூலாகப் போற்றப்படுகிறது.

இன்றைய கல்வியியலார் ஒலிப்புமுறை எனக் குறிப்பது இதன் சாரத்தையே. காதில் தங்கிய ஒலி, கண்முன் உள்ள வடிவம், பொருள் தரும் சொல் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினாலன்றி வாசிப்பு நிகழாது. ராஸ்சுந்தரியிடம் ஒலி முன்னரே இருந்தது. வடிவத்தைப் பனையோலை தந்தது. சொல்லை ஏடு தந்தது.

மைல்கல்லில் எண் கற்ற சிறுவன் வளர்ந்து, 1855-இல் ‘வர்ணபரிசய்’ என்னும் தொடக்கநூலை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். சமற்கிருத மரபைப் பின்பற்றி வந்த வங்க நெடுங்கணக்கை அதில் அவர் திருத்தினார். வங்க மொழியில் வழங்காத எழுத்துகளை நீக்கி, உயிர் 12, மெய் 40 என வகுத்தார். உச்சரிப்பில் வேறுபட்டொலித்தும் தனியெழுத்தாக எண்ணப்படாதிருந்தவற்றுக்குத் தனி இடம் அளித்தார். முதற்பாகத்தில் எழுத்துகள், உயிர்க்குறி இல்லாத சிறு சொற்கள், பின்னர் ஒவ்வொன்றாக உயிர்க்குறிகள், இறுதியில் எளிய தொடர்கள் என்று படிகள் அமைந்தன. கூட்டெழுத்துகள் இரண்டாம் பாகத்துக்கு ஒதுக்கப்பட்டன.

பிற்காலப் பதிப்பொன்றின் முன்னுரை இன்னும் நுட்பமானது. எழுத்தை அதன் பெயரால் நீட்டி அழைக்கும் வழக்கத்தை விடுத்து, ஒலியை மட்டும் சொல்லப் பழக்குமாறு ஆசிரியர்களை அவர் வேண்டுகிறார். ‘ஆனா, ஆவன்னா’ என்று தொடங்கிய தமிழ்க் குழந்தைகளுக்கும் அந்த அறிவுரை பொருந்தும். வங்க மொழியில் சொல்லின் இறுதியெழுத்து சில இடங்களில் மெய்யாகவும் சில இடங்களில் அகரம் சேர்ந்தும் ஒலிக்கும். தமிழில் இருப்பதுபோல் மெய்யைக் காட்டும் புள்ளி அங்கு வழக்கமாக இடப்படுவதில்லை. குழந்தை தடுமாறும் அந்த இடத்தை அறிந்து, அகரம் சேர்த்து ஒலிக்க வேண்டிய சொற்களுக்கு அவர் உடுக்குறியிட்டார்.

இந்திய எழுத்துமுறைகள் ஒலியியல் ஒழுங்கு கொண்டவை. எனினும் அவற்றிலும் தடைகள் உண்டு. தமிழில் எகர, ஏகார உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னே எழுதப்படுகின்றன. ஒலியோ மெய்க்குப் பின்னே வருகிறது. வங்கத்தில் இகரக்குறியும் அவ்வாறே. கண் செல்லும் வழியும் நா செல்லும் வழியும் வேறுபடும் இவ்விடத்தில் தயங்கும் குழந்தையை மந்தபுத்தி எனக் கருதுவது, எழுத்துமுறையின் சிக்கலைக் குழந்தையின் மேல் ஏற்றுவதாகும்.

2005 முதல் ஊரக வீடுகளுக்கே சென்று நடத்தப்படும் ‘அசர்’ ஆய்வு, தாக்கூர்தாசின் சோதனையையே பெருமளவில் செய்கிறது எனலாம். அதன் தாளில் எழுத்துகள் வரிசை மாறி நிற்கின்றன. அவற்றைத் தொடர்ந்து சொற்கள், ஒரு பத்தி, ஒரு சிறுகதை. 2024-இல் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயன்றவர் 27.1 விழுக்காட்டினர் மட்டுமே. எஞ்சியோருள் பலர் நெடுங்கணக்கைத் தடையின்றி ஒப்பிக்கக்கூடியவர்களாகவே இருப்பர்.

ஆகவே, பின்தங்கிய குழந்தைக்கு வீட்டில் உதவப் பெரும் புலமையோ விலையுயர்ந்த கருவியோ தேவையென்று கருத இவ்வரலாறு இடம் தரவில்லை. தாக்கூர்தாசுக்குச் சாலையோரக் கற்கள் போதுமாயிருந்தன. ராஸ்சுந்தரிக்கு ஓர் ஓலையும் ஓர் ஏடும். அரிசிப்பையிலும் பேருந்துப் பலகையிலும் உள்ள எழுத்தை வரிசையின்றிக் காட்டி, அதன் பெயரை விடுத்து ஒலியைக் கேட்டு, அந்த ஒலி வரும் இன்னொரு சொல்லைக் குழந்தையையே சொல்லச் செய்வது எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் இயலும். தாமே படிக்காத பெற்றோரும் சொல்லின் ஒலிகளைப் பிரித்துச் சொல்லிப் பழக்கலாம். வாசிப்புக்கு வேண்டிய காது அங்கேதான் உருவாகிறது.