சென்னைச் சுண்ணாம்பின் வலு எங்கிருந்து வந்தது?

சென்னையின் பழைய மாளிகைகளைப் பற்றியோ செட்டிநாட்டு வீடுகளின் பளிங்கு போன்ற சுவர்களைப் பற்றியோ பேச்செடுத்தால், முட்டை வெள்ளைக்கருவும் கருப்பட்டியும் கடுக்காயும்தான் முதலில் வந்து நிற்கும். அவற்றைச் சேர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சுவர்களை நிறுத்தியது சுண்ணாம்பை நீற்றிய முறையும் அரைத்த உழைப்பும்தான். கழிமுகங்களில் அள்ளிய கிளிஞ்சலைக் கரியோடு மாற்றி மாற்றி அடுக்கிக் காளவாயில் சுடுவார்கள். 900 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் கரியமில வாயு வெளியேற, கிளிஞ்சல் தன் எடையில் ஏறக்குறைய 44 விழுக்காட்டை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. அதை நீர் ஊற்றி நீற்ற, கணக்குப்படி 56 பங்குக்கு 18 பங்கு நீர் போதும். ஆனால் நீற்றும்போது எழும் சூட்டில் நீர் ஆவியாகிவிடுவதால் அதைவிட அதிகம் ஊற்ற வேண்டும். நீர் எட்டாத சிறு துணுக்குகள் உள்ளே தங்கினால், சுவரில் பூசிய பிறகு ஈரம் பட்டு ஊதி, பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகப் பெயர்த்துவிடும். அதற்காகவே நீற்றியதைக் குழியில் நீரோடு பல நாள் ஊறவிட்டு, பிறகு அரைத்தார்கள்.

சேர்மானங்கள் வீணா என்று கேட்கலாம். வீணல்ல. சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரைகிறது, காரையும் இளகிப் பூசுவதற்கு வாகாகிறது. கருப்பட்டியின் பயன் அது. முட்டை சேர்ந்ததோ மூன்று பூச்சுகளில் கடைசியான மெல்லிய பூச்சில். வெண்ணெய் போல் அரைத்த அந்தச் சுண்ணாம்பை, மாக்கல் பொடி தூவிக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். கீழே மணலோடு கலந்த இரண்டு பூச்சுகளும் உறுதியாக இல்லையென்றால் எத்தனை முட்டை ஊற்றியும் அந்த மெருகு தங்காது.

சிமெண்ட் வென்றதே சுண்ணாம்பின் பலவீனத்துக்குச் சான்று என்பார் உண்டு. நீர் தேங்கும் அடித்தளத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு தனித்து இறுகாது, செங்கல் பொடியான சுர்க்கி வேண்டும். இந்தக் குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் போர்பந்தரில் 1914இல் தொடங்கிய சிமெண்ட் உற்பத்தி பரவியதற்கு முக்கியக் காரணம் நேரம். சில மணி நேரத்தில் இறுகும் பொருளுக்கு முன்னால், காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல இழுத்து மாதக்கணக்கில் கல்லாகும் பொருள் ஒப்பந்தக் கணக்கில் தோற்றது. தரத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பல்ல அது. பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் உதிர்கிறது. பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பவர்கள் முட்டைக்கும் கருப்பட்டிக்கும் தொகை ஒதுக்குவதற்கு முன், சுண்ணாம்பு ஊறுவதற்கு வேண்டிய நாட்களை ஒதுக்க வேண்டும்.